புகையிலை கொணர்ந்த தூது
(திண்டுக்கல் சமவெளியில் ஓர் இலையின் வரலாறு)

தமிழில் தூது இலக்கியம் பெரிது. அன்னம், கிளி, மேகம், நெஞ்சு, தமிழ் எனத் தூது சென்றவற்றின் வரிசையில் புகையிலைக்கும் ஓர் இடம் உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றி, உ.வே. சாமிநாதையரின் பதிப்பால் நமக்குக் கிட்டிய ‘புகையிலை விடு தூது’ அதற்குச் சான்று. அந்நூலின் பாட்டுடைத் தலைவன் பழனி முருகன். பழனி இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் அடங்கிய ஊர். ஆதலின் அந்நூலை நம் மண்ணின் நூலென்று உரிமை கொண்டாட நமக்கு வழி உண்டு.

அந்நூலோடு வழங்கும் கதை சுவையானது. மும்மூர்த்திகளுக்குள் எழுந்த வழக்கைத் தீர்க்க வந்த அவையோர், மூவரிடமும் வில்வம், துளசி, புகையிலை என ஒவ்வோர் இலையைக் கொடுத்து மறுநாள் கொண்டு வரப் பணித்தனராம். வில்வத்தைக் கங்கை அலை கொண்டு போயிற்று. துளசியைப் பாற்கடல் கொண்டு போயிற்று. நாமகளிடம் கொடுத்து வைத்த பிரமனின் இலை மட்டும் போகவில்லை. ‘போகையிலை’ என்பதே புகையிலை ஆயிற்று என்பது கதை. உண்மையில் அவ்விலை போர்ச்சுகீசியரின் கப்பல் வழியே அமெரிக்காவிலிருந்து வந்தது. வந்தேறி ஒன்றுக்குத் தெய்வப் பிறப்புச் சொல்லி வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது நம் மரபுக்குப் புதிதன்று. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு என்னும் மூன்றோடு நான்காவதாக அது தாம்பூலத்தில் அமர்ந்துகொண்டது.

புலவர் கண்டது சுவைப்போர் கையிலிருந்த இலை. அதை நட்டவர், கொழுந்து கிள்ளியவர், சிப்பம் கட்டிச் சுமந்தவர் அந்நூலில் இல்லை. அது புலவர்மேல் ஏற்ற வேண்டிய குறையன்று. அக்காலத்து நூல் மரபு அத்தகையது. ஆனால் அவ்விலை நம் சமவெளிக்குக் கொணர்ந்த செல்வத்தையும் நோயையும் இன்று கணக்கிட முனைவோர், அவை எவரெவருக்கு எவ்வாறு பங்கிடப்பட்டன என்று கேட்காமல் இருத்தல் இயலாது. இக்கட்டுரை அப்பங்கீட்டைப் பற்றியது.

சுருட்டின் புகழ்

தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் மண்டபச் சிற்பங்களைக் காண வருவோர் பலர். அதே ஊர் வழியாக வடக்கே கரூரை நோக்கிச் செல்லும் சாலை வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலைத் தோட்டங்களின் சாலையுமாகும். குடகனாற்றின் இருபுறமும் கிணற்றுப் பாசனம் உள்ள நிலங்கள் இவை. கிணற்றுநீர் சற்று உவர்ப்பாக இருந்தாலும் மெல்லும் புகையிலைக்கு அது கேடன்று. காரம் கூட்டும் என்று உழவர் அதையே விரும்புவதும் உண்டு. நெல்லுக்கு ஆகாத நீர் இவ்விலைக்கு ஆகும் என்பதே இப்பயிர் இங்கு வேரூன்றியதற்கு ஒரு காரணம்.

ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்னும் நம் பக்கத்துப் புகையிலை வகைகள் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று சுருட்டாகி, ‘திரிச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்ற பெயரில் உலகைச் சுற்றின. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என வழங்கும் சொல்லே நம் ‘சுருட்டு’தான். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் புதினத்தில், சாம்பலைக் கண்டே அது திரிச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கூறுகிறார். சென்னையின் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டு ஆலை நடத்தியது. 1906இல் வெளிவந்த பிரான்சிசின் மதுரை மாவட்ட விவரச்சுவடியில் திண்டுக்கல்லின் பெயரோடு சுருட்டின் பெயரும் பிரியாது நிற்கிறது.

விடுதலைக்குப் பின் அரசும் இவ்விலையைக் கைவிடவில்லை. 1947இல் இராசமுந்திரியில் தோன்றிய மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை, 1948இல் வேடசந்தூரில் அமைந்தது. சுருட்டுக்கும் மெல்லுவதற்கும் உரிய புகையிலையை ஆராய்வது அதன் பணி. அங்கு உருவான வகைகளுக்குப் பாக்கியலட்சுமி, மீனாட்சி, அபிராமி என்று பெயரிட்டனர். பிரமன் கதையில் தொடங்கிய தெய்வப் பெயர் அறிவியல் நிலையத்திலும் தொடர்ந்தது. புலவர், வணிகர், அரசு ஆகிய மூவரும் இவ்வாறு இலைக்குப் பெயர் சூட்டினர். உழைத்தோரின் பெயர்கள் எவ்வேட்டிலும் ஏறவில்லை.

கை

புகையிலை கைவேலையை ஓயாது கேட்கும் பயிர். நாற்றங்காலில் வளர்த்த நாற்றைப் பறித்து நட வேண்டும். ஆட்டுக்கிடை போட்டு உரமேற்றிய நிலத்தில், ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் கட்ட வேண்டும். பூ வருமுன் தலைக்கொழுந்தைக் கிள்ள வேண்டும். கிள்ளிய பின் கணுத்தோறும் வெடிக்கும் பக்கக் கொழுந்துகளை வாரந்தோறும் ஒடிக்க வேண்டும். அறுத்த செடியை வாடவைத்து, பந்தலில் தொங்கவிட்டு, பின் அம்பாரமாகக் குவித்து வேர்க்கவிட்டு, பிரித்து அடுக்கி, மீண்டும் குவிக்க வேண்டும். கருப்பட்டிப் பாகு தெளித்துப் பதமேற்றுவதும் உண்டு. அதன்பின் கிட்டங்கிகளில் காம்பும் நடுநரம்பும் நீக்கி, தரம் பிரித்து, நறுக்கிப் பொட்டலமிடும் வேலை தொடங்கும்.

நிலமும் கிணறும் கிட்டங்கியும் சிலரிடம் இருந்தன. கொழுந்து கிள்ளிய கையும் நரம்பு உரித்த கையும் பெரும்பாலும் நிலமற்றோர் கைகள். அவர்களுள் தாழ்த்தப்பட்ட சமூகத்தாரும் பெண்களும் மிகுதி. இது திண்டுக்கல்லுக்கு மட்டும் உரிய நிலையன்று. தமிழகத்துத் தோட்டப் பயிர் அனைத்திலும் நிலவிய ஒழுங்கு. ஆயினும் புகையிலைக்கு மட்டும் உரிய ஒன்று உண்டு. பனியிலோ வேர்வையிலோ நனைந்த பச்சைப் புகையிலையின் நிகோடின், தோல் வழியே உடலுள் புகும். தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, நாடித்துடிப்பில் மாற்றம் என்பன அதன் அடையாளங்கள். மருத்துவ நூல்கள் இதைப் பச்சைப் புகையிலை நோய் என்று தனிப்பெயரிட்டுப் பேசுகின்றன. வயலில் உழைப்போர் அதைக் ‘கிறுகிறுப்பு’ என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு வருகின்றனர். கிட்டங்கியின் தூசியோ மூக்கையும் நெஞ்சையும் விட்டு அகல்வதில்லை. இலையை ஒருநாளும் வாயில் இடாதவருக்கும் அதன் நஞ்சில் பங்கு உண்டு என்பதே இதன் பொருள்.

வாய்

கையில் தொடங்கிய கதை வாயில்தான் முடிகிறது. விடியலில் களத்துக்கு வந்து உச்சிப்பொழுது வரை குனிந்து நிற்பவருக்குப் பசியை மறக்கடிக்கும் பொருள் ஒன்று தேவைப்பட்டது. நிகோடின் பசியை மட்டுப்படுத்தும். களைப்பைச் சற்று நேரம் மறைக்கும். சோற்றைவிட அது மலிவு. ஆடவர்க்குப் பீடியும் சுருட்டும் இருந்தன. பிறர் காணப் புகைத்தல் தகாது என்று விலக்கப்பட்ட பெண்களுக்கு, இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு புகையிலை இருந்தது. பல்வலிக்கும் அதுவே மருந்தென்று கருதப்பட்டது. கன்னத்தின் உட்புறம் ஒதுக்கிய அந்த அடக்கு, சிலரிடம் உறக்கத்திலும் நீங்குவதில்லை.

இதன் விளைவை உலகுக்கு முதன்முதல் எடுத்துரைத்த இடங்களுள் ஒன்று நம் தமிழ் நிலத்திலேயே உள்ளது. அன்று தென்திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கும் நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பென்டால் 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தைத் தொகுத்தார். அங்கேயே பணியாற்றிய டாக்டர் ஃபெல்ஸ், வாய்ப்புற்றுக்குச் செய்த 209 அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்து எழுதினார். இரண்டும் 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயின. அதே நெய்யூரிலிருந்து டாக்டர் ஓர் எழுதிய, வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்று பற்றிய கட்டுரை 1933இல் லான்செட் இதழில் வந்தது. புற்றுநோய் பணக்கார நாடுகளின் நோயென்று பலர் கருதியிருந்த காலத்தில், ஒரு சிற்றூர் மருத்துவமனையின் ஏடுகள் வேறொன்றைக் காட்டின.

அதன் காரணத்தை இன்று நாம் தெளிவாக அறிவோம். புகையிலை பதப்பட்டு வேர்க்கும்போது அதனுள் நைட்ரோசமைன் என்னும் புற்றாக்கும் பொருள்கள் உருவாகின்றன. உடன் சேரும் சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி, நிகோடின் விரைந்து இரத்தத்தில் ஏற வழி செய்கிறது. வாயின் மென்தோலையும் புண்ணாக்குகிறது. முதலில் வெண்படலம், பின் ஆறாத புண், பின் கட்டி என்று நோய் வளரும். பாக்கு மெல்லுவோருக்கு வாயின் உட்தசை இறுகி, வாயைத் திறக்கவே இயலாத நிலையும் வரும். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத பாக்கும் புற்றாக்கும் என்று 2004இல் வெளிவந்த அதன் தொகுதி கூறியது.

நெய்யூர்க் கட்டுரைக்கும் இவ்வறிவிப்புக்கும் இடையே 77 ஆண்டுகள். அறிவியலுக்குப் பொறுமை வேண்டும் என்பது உண்மைதான். எனினும் நோயுற்ற வாய்கள் பெரும்பாலும் வறியோர் வாய்களாக இருந்தன என்பதற்கும் இக்காலத் தாழ்வுக்கும் தொடர்பே இல்லை என்று கூறுவது கடினம். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது 1954இல். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது 2022 ஜனவரியில். அதற்கு முன் பெருநோய்ச் சிகிச்சைக்கு மதுரைக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியிருந்தது. அன்றாடக் கூலி பெறுபவருக்குப் பயணம் என்பது பேருந்துக் கட்டணம் மட்டுமன்று. இழந்த நாட்களின் கூலியும் அதில் சேரும். ஆகவே வெண்படலத்தோடு வர வேண்டியவர் கட்டியோடு வந்தனர்.

கடலுக்கு அப்பால் ஒரு கண்ணாடி

இப்பங்கீடு நம் சமவெளியின் தனிவிதியா என்று ஐயுறுவோர், இவ்விலையின் தாயகமான அமெரிக்காவை நோக்கலாம். வர்ஜீனியாவில் ஜான் ரோல்ஃப் 1612 அளவில் ஏற்றுமதிப் புகையிலையைப் பயிரிட்டார். 1619இல் இருபதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர் அங்கு சிறைப்பட்டோராய்க் கொண்டு வரப்பட்டனர். பின்வந்த இரு நூற்றாண்டுகளில் அடிமைகளின் கைகளே அம்மாநிலத்தின் புகையிலைச் செல்வத்தை ஆக்கின. அடிமைமுறை ஒழிந்த பின்னும் வேலையின் பிரிவு மாறவில்லை. ஆலைகளில் இலையின் நடுநரம்பை உரிக்கும் தூசி மிகுந்த வேலை கறுப்பினப் பெண்களுக்கென்றே விடப்பட்டது. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் ரெனால்ட்ஸ் கம்பெனியின் ஆலையில், 1943 ஜூன் மாதம் அப்பெண்கள் இயந்திரங்களை நிறுத்தி அமர்ந்தனர். அவ்வெழுச்சியில் வளர்ந்த தொழிற்சங்கம் 1950 அளவில் வீழ்த்தப்பட்டது. நரம்பு உரித்தல் என்னும் ஒரே வேலை, கடலின் இருபுறமும் ஒரே வகை மக்களிடம் சென்று சேர்ந்தது தற்செயலன்று.

கையைப் பயன்படுத்திய தொழில் அடுத்து வாயை நாடியது. குளிர்ச்சி தரும் மெந்தால் சிகரெட்டுகள் கறுப்பின மக்களின் குடியிருப்புகளை நோக்கித் திட்டமிட்டு விற்கப்பட்டன. 1950களில் கறுப்பினப் புகைப்போருள் மிகச் சிலரே மெந்தாலை நாடினர். இன்று பத்தில் எட்டுப் பேருக்கும் மேல். மெந்தால் தொண்டையின் எரிச்சலை மறைப்பதால் புகை ஆழமாக இறங்கும், விடுவதும் கடினமாகும். அதே வேளையில் அம்மக்களின் செய்தித்தாள்களுக்கு விளம்பரமும், அவர்தம் அமைப்புகளுக்கு நன்கொடையும் புகையிலைக் கம்பெனிகளிடமிருந்து வந்தன. பிற கம்பெனிகள் அவர்களைத் திரும்பியும் பாராத காலம் அது. கொடுத்த கையைக் குறை கூறுவது எளிதாக இல்லை, மௌனம் நீண்டது.

எனினும் மௌனம் உடைந்த தருணமும் உண்டு. 1990இல் ரெனால்ட்ஸ் கம்பெனி ‘அப்டவுன்’ என்ற மெந்தால் சிகரெட்டைப் பிலடெல்பியாவின் கறுப்பின மக்களைக் குறிவைத்து வெளியிட முனைந்தது. ஊர்த் தேவாலயங்களும் நலக் குழுக்களும் ஒன்றுகூடின. கறுப்பினத்தவரான அன்றைய சுகாதார அமைச்சர் லூயிஸ் சல்லிவன் வெளிப்படையாகக் கண்டித்தார். கம்பெனி பின்வாங்கியது. ஆனால் 2009இல் வந்த சட்டம் சிகரெட்டில் பிற சுவைகளைத் தடுத்து மெந்தாலை மட்டும் விட்டுவைத்தது. 2022இல் முன்மொழியப்பட்ட மெந்தால் தடை 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது.

நாமும் அக்கண்ணாடியில் முகம் பார்க்கலாம். கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கும் விழாவுக்கும் வணிகர் வழங்குவது நம் ஊர்களின் நல்ல மரபு. சென்ற தலைமுறையின் விழா மலர்களைப் புரட்டினால் பின்பக்கங்களில் சுருட்டு, பீடி, புகையிலை விளம்பரங்களைக் காணலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விளம்பரங்களைத் தடுத்தது. அதற்கு முன் அம்மலர்களின் முன்பக்கங்களில் வாய்ப்புற்றைப் பற்றிய கட்டுரை எத்தனை வந்திருக்கும் என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ளத் தக்க வினா.

வரியும் தடையும்

அரசு செய்த பரிகாரங்களிலும் இப்பங்கீட்டின் நிழல் விழுகிறது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் வேலை நிலைமைகளை வரையறுக்க 1966இலும், பீடித் தொழிலாளர் நலநிதிக்கென 1976இலும் சட்டங்கள் வந்தன. அவை நல்லவையே. ஆயினும் பீடி சுற்றும் பெண்களின் வாழ்வைக் காரணம் காட்டிப் பீடிக்கு வரிச்சலுகை கேட்பது நெடுநாள் வழக்கம். 2025 செப்டம்பரில் கூடிய சரக்கு சேவை வரி மன்றம், சிகரெட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 40 விழுக்காடு என்றும், பீடிக்கு மட்டும் 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைப்பதென்றும் முடிவு செய்தது. சுற்றுபவரின் கூலி உயர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பீடியை மலிவாக்குவதால் மலிவது அதே ஏழையின் நுரையீரல் அல்லவா? உழைப்பவரின் பெயரால் வழங்கும் சலுகை, புகைப்பவராய் நிற்கும் அவருடைய உடன்பிறப்பின் ஆயுளிலிருந்து எடுக்கப்படுகிறது.

மெல்லும் பொருள்களின் கதை வேறு. 2001இல் தமிழக அரசு குட்கா முதலியவற்றைத் தடுத்தது. அதிகாரம் போதாதென்று 2004இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய தடைகளை நீக்கியது. 2013 மே மாதம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே குட்காவுடன் மெல்லும் புகையிலையும் தடுக்கப்பட்டது. அவ்வாணை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இடைப்பட்ட காலத்தில் பயிர் வளர்ந்தது, பொட்டலம் மறைவில் விற்றது, பிடிபட்டவர் பெரும்பாலும் பெட்டிக்கடைக்காரர்.

விளைவு என்ன? உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, 2009–10இல் இந்தியப் பெரியோருள் 34.6 விழுக்காட்டினர் புகையிலையைப் பயன்படுத்தினர். 2016–17இல் அது 28.6 ஆகக் குறைந்தது. தமிழகத்திலோ அது 16.2இலிருந்து 20 ஆக ஏறியது. தேசியக் குடும்ப நல ஆய்வுகள் மற்றொன்றையும் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. கல்வியும் செல்வமும் குறையக் குறையப் புகையிலைப் பழக்கம் கூடுகிறது. நாடு முழுமையிலும் பட்டியல் சாதியாரிடமும் பழங்குடியினரிடமும் அது பிறரைவிட மிகுதி. இதை அறியாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. பசியை அடக்க இலையைத் தேடியவரை அறியாதவர் என்பது பொருந்தாது. அவருக்கு எட்டியது அதுவே. இலை எட்டிய இடத்துக்குச் சோறும் மருத்துவமும் எட்டவில்லை என்பதே நோயின் வேர்.

தடை மட்டும் அவ்வேரை அறுக்காது. புகையிலையின்றி நிலத்தை வாழவைக்கும் மாற்றுப்பயிருக்கு அந்த உவர்நீர்க் கிணறுகளின் அளவில் விடை வேண்டும். கிட்டங்கிப் பெண்ணுக்கு வேறு வேலையும், கையுறையும், ஆண்டுக்கொரு முறை வாய்ப்பரிசோதனையும் வேண்டும். வெண்படலத்தைக் காணப் பெருங்கருவி எதுவும் தேவையில்லை. நல்ல வெளிச்சமும் பயின்ற கண்ணும் போதும். கிராமச் செவிலியர் அதைச் செய்ய இயலும். வாயைத் திறந்து காட்டச் சொல்லும் ஒருவர் வீட்டு வாசலுக்கு வருவதே இங்கு முதற்சிகிச்சை.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில் கவிஞர் பெருமக்கள்முன் ஒரு வேண்டுகோள். சுருட்டின் புகழைச் சொல்ல விவரச்சுவடி உண்டு. இலையின் சிறப்பைச் சொல்லத் தூது நூல் உண்டு. பக்கக் கொழுந்து ஒடித்துக் கை கறுத்தவர்களும், சுருக்குப்பையோடு வாழ்ந்து, வாய் திறக்க இயலாமல் இறந்தவர்களும் பேசியவை எங்கும் எழுதப்படவில்லை. தாடிக்கொம்பிலும் வேடசந்தூரிலும் குடகனாற்றுக் கரையூர்களிலும் அவர்களை அறிந்த முதியோர் இன்றும் உள்ளனர். கிள்ளலுக்கும் ஒடித்தலுக்கும் வேர்க்கவிடுதலுக்கும் அவர்கள் வழங்கிய சொற்களும், வேலையின் நடுவே பாடிய பாட்டும், நோய் வந்தபோது அதற்கு அவர்கள் இட்ட பெயரும் அவர்களோடு மறையும் முன் தொகுக்கப்பட வேண்டும். ஒருவர் ஓர் ஊரை எடுத்துக்கொண்டால் வரும் ஆண்டுக்குள் இது முடியும் பணியே.